மைக் கிடைக்காவிட்டாலும் மனு கொடுக்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், ஆலையோ சுரங்கமோ வருவதற்கு முன்னால் ஊர் மக்களைக் கேட்கிற சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன், மக்கள் அங்கே போகாமல் இருந்துவிடக் கூடாது என்று. அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு இருக்கிறது. பாதிப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், பாதிப் பேர் வழி கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: எங்கள் ஊரை ஒட்டி சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போகிறதாம். பேப்பரில் விளம்பரம் வந்தது, கருத்துக்கேட்புக் கூட்டம் அடுத்த மாதம். அறிக்கை கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் அறுநூறு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். நான் பத்தாவது வரை படித்தவன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?
— ஒரு விவசாயி, அரியலூர் மாவட்டம்

ப: அறுநூறு பக்கத்தையும் நீங்கள் படிக்க வேண்டியதில்லை ஐயா. முதலில் தமிழ்ச் சுருக்கத்தைக் கேளுங்கள். 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இன்றைக்கும் இதற்கெல்லாம் அடிப்படை. அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தயாரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இருக்கிறது. கலெக்டர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் அது இருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் போடுவார்கள். தமிழில் இல்லை என்று சொன்னால், "இன்ன தேதியில் இன்ன அலுவலகத்தில் கேட்டேன், தமிழ்ச் சுருக்கம் இல்லை என்றார்கள்" என்று ஒரு கடிதம் எழுதி அங்கேயே கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விளம்பரம் வந்த தேதியையும் கூட்டத் தேதியையும் பாருங்கள், நடுவில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

பெரிய அறிக்கையில் மூன்று இடத்தை மட்டும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சுற்றிலும் 10 கிலோமீட்டருக்கு ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். அதில் உங்கள் ஏரி இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, குடிநீர்க் கிணறு இருக்கிறதா? இரண்டாவது, நிலம் என்ன வகை என்று சொல்கிற அட்டவணை. மூன்றாவது, காற்று, தண்ணீர் எல்லாம் எந்த மாதங்களில் எடுத்து சோதித்தார்கள் என்கிற விவரம். பெரும்பாலும் ஒரே ஒரு பருவம்தான் எடுப்பார்கள், அதுவும் மழைக்காலத்தை விட்டுவிட்டு. ஐப்பசியில் உங்கள் ஊர் ஓடை எந்த மதகு வரைக்கும் ஏறும் என்று அந்த அறிக்கை எழுதியவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைத்தான் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் ஆகிறது. ஊர் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் கூட்டம், வாசலில் தடுப்புக் கட்டை, உள்ளே வாடகை நாற்காலி. திட்டம் வருகிற நிலம் பெரும்பாலும் தரிசு என்று அறிக்கையில் போட்டிருந்தது. அறுபது வயது இருக்கும், ஒருவர் மைக்குக்கு வந்தார், ஒன்றும் பேசவில்லை, வேட்டி மடிப்பிலிருந்து பாலிதீன் கவரில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற கிராமக் கணக்கு. வி.ஏ.ஓ. கையெழுத்தோடு மூன்று வருஷத்துக்கு அந்த சர்வே எண்ணில் நெல் என்று இருந்தது. "இது தரிசுங்களா?" என்று மட்டும் கேட்டார். மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், "காப்பி கொடுங்க, சேர்த்துடலாம்" என்றார். அவரிடம் இருந்ததோ அந்த ஒன்று. ஜெராக்ஸ் கடை மெயின் ரோட்டில் இருந்தது, பேரன் வண்டியில் போனான், கடையில் கரண்ட் இல்லை. அவன் திரும்பி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. பிறகு வந்த கூட்ட நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். "நிலத்தின் தன்மை குறித்து ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார்" என்று ஒரு வரி. அடங்கலும் இல்லை, சர்வே எண்ணும் இல்லை.

அந்த ஒரு வரி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்: இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், மனுவோடு பின் அடித்துக் கொடுங்கள், சீல் வாங்குங்கள்.

இன்னொன்று, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சுருக்கி எழுதி, கூட்டத்தின் முடிவில் அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகுதான் தலைமை வகித்த அதிகாரி கையெழுத்துப் போடுவார். நான் போன கூட்டங்களில் இதைப் படிக்கும்போது பாதி நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கிறது. நான்கு பேராவது இருந்து, "ஏரி பற்றிச் சொன்னது விட்டுப்போய்விட்டது, சேருங்கள்" என்று சொல்ல வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுப்பதும் கட்டாயம். அந்த வீடியோவுக்கு என்ன மதிப்பு என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கே: நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஆத்திரம்தான் வந்தது. எங்கள் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் வேண்டாம் என்றுதான் சொன்னோம். கொஞ்ச மாதத்தில் அனுமதி வந்துவிட்டது. இந்தக் கண்துடைப்புக்கு நாங்கள் ஏன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும்?
— காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஒருவர்

ப: உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஒருநாள் கூலி என்பது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இதை யாரும் ஊருக்குள் வந்து சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கருத்துக்கேட்பு என்பது ஓட்டெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் வேண்டாம் என்று சொன்னால் திட்டம் நின்றுவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நீங்கள் சொன்னது பதிவாகி, அதற்குக் கம்பெனி எழுத்தில் பதில் சொல்லி, இரண்டும் சேர்ந்து, அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்கிற நிபுணர் குழுவின் மேசைக்குப் போகும். அந்தக் குழு அதைப் பரிசீலித்து, ஏன் ஏற்கிறோம் அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். பிடிமானம் அங்கேதான் இருக்கிறது.

கோவாவில் ஒரு சுரங்க வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2009 நவம்பரில் இதைத்தான் சொன்னது. மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு எப்படிப் பரிசீலித்தது என்பதற்குக் காரணங்கள் பதிவில் தெரிய வேண்டும், பரிசீலித்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதாது என்று. "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் நீங்கள் சொல்லியிருந்தால் அதற்குக் குழு சொல்ல வேண்டிய பதிலும் ஒரு வரியில் முடிந்துவிடும். "உங்கள் அறிக்கையில் இன்ன பக்கத்தில் இந்த ஓடை இல்லை, ஆனால் இந்த ஓடையில்தான் எங்கள் மூன்று கிராமத்துக்குப் பாசனம், இதோ பொதுப்பணித்துறை பலகையின் போட்டோ" என்று கொடுத்திருந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. தாண்டிப் போனால் அனுமதியை எதிர்த்து வழக்குப் போட அதுவே போதும்.

வீடியோ பற்றிச் சொன்னேன் அல்லவா. சத்தீஸ்கர் மாநிலம் ராய்கர் மாவட்டத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2008 ஜனவரியில் கருத்துக்கேட்பு நடந்தது. மக்கள் மேல் தடியடி நடந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கூட்டத்தின் வீடியோவையே போட்டுப் பார்த்தது. இது கருத்துக்கேட்பே இல்லை, கேலிக்கூத்து என்ற முடிவுக்கு வந்து 2012 ஏப்ரலில் அனுமதியை ரத்து செய்தது. நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு வருஷமும் ஊர்க்காரர்களுக்காகப் பேசியது அந்த ஒரு நாள் பதிவுதான்.

ஓட்டுப் போல எண்ணப்பட்ட ஓர் இடமும் இந்த நாட்டில் உண்டு. ஒடிசாவின் நியாம்கிரி மலை. அங்கே பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வருஷமே 12 கிராம சபைகள் கூடின, மாவட்ட நீதிபதிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்தார்கள், 12 சபையும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. ஆனால் அது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பலம். டோங்கிரியா கோந்த் மக்களுக்குக் காட்டின் மேலும் தங்கள் தெய்வத்தின் மேலும் உள்ள உரிமை அதில் அடங்கியிருந்தது. சமவெளியில் நஞ்சை நிலம் வைத்திருக்கிற நமக்கு அந்த அளவு உரிமையைச் சட்டம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. நிலமும் தண்ணீரும் போகிறவர்களின் பேச்சுக்கு, பரிசீலிக்கிறோம் என்பதற்கு மேலே ஓர் எடை இருக்க வேண்டும்.

கே: பஸ் வைத்து ஆள் கூட்டி வருகிறார்கள். வந்தவர்கள் "திட்டம் வேண்டும், வேலை கிடைக்கும்" என்று பேசிவிட்டுச் சாப்பிட்டுப் போகிறார்கள். நாங்கள் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறோம். என்ன செய்வது?
— எண்ணூர் பக்கத்திலிருந்து

ப: மேலே சொன்னதேதான், இது ஓட்டு இல்லை, அதனால் அவர்கள் நூறு பேர் வந்தாலும் அது நூறு ஓட்டு ஆகாது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. பேசுகிறவர் ஒவ்வொருவரும் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும், அது குறிப்பில் ஏற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். அந்த இடத்துக்கு வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விவரம் கேட்கவும் விளக்கம் கேட்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது, தலைமை வகிக்கும் அதிகாரியிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் மைக் வரவில்லையா, மனுவைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பஸ்ஸில் வந்தவர்களோடு மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களும் வேலை கிடைக்காதா என்று வந்தவர்கள்தான்.

கே: எனக்குக் கூட்டத்தில் பேச பயம். மைக்கைப் பிடித்தால் கை நடுங்கிவிடும். எங்கள் தெருவில் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். ஆண்கள் பேசட்டும் என்று விட்டுவிடலாமா?
— உப்பளத் தொழிலாளி, வேதாரண்யம்

ப: விட்டுவிடாதீர்கள் அம்மா. எழுதிக் கொடுக்கிற மனுவுக்கும் மைக்கில் பேசுவதற்கும் மதிப்பில் வித்தியாசம் கிடையாது. இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். தமிழில் எழுதலாம், பேனாவால் எழுதலாம், எழுத்துப் பிழை இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நாலு பேர் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது எந்த வருஷம்? அதற்கு முன்னால் குடிக்க எங்கே போனீர்கள், இப்போது ஒரு குடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? குழந்தைகளுக்கு எப்போது இருமல் வருகிறது? இதெல்லாம் ஆண்களைவிட உங்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் குடத்தைத் தூக்குவது நீங்கள்தான். ஒவ்வொருவரும் தனித்தனி மனுவாகக் கொடுங்கள், ஒரே மனுவை ஐம்பது ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்துப் போடுவதைவிட அவரவர் வீட்டுக் கதை எழுதிய ஐந்து மனு கனமானது. ஐம்பதையும் "ஒரே மாதிரி மனுக்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட முடியும், ஐந்து வேறு வேறு கேள்வி இருந்தால் ஐந்துக்கும் கம்பெனி பதில் எழுதியாக வேண்டும்.

கே: எங்கள் ஊர் பக்கத்தில் சிப்காட் வளாகத்துக்குள் ஒரு ரசாயன ஆலை வருகிறது. கூட்டமே நடத்தவில்லை. கேட்டால் தேவையில்லை என்கிறார்கள். அப்படி உண்டா?
— ராணிப்பேட்டை

ப: உண்டு, அதுதான் இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் கவலை தருகிற பகுதி. ஏற்கெனவே சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வருகிற ஆலைக்குத் தனியாகக் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று 2006 அறிவிக்கை விலக்குக் கொடுக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வளாகத்துக்கு அனுமதி இருக்கிறதா, எந்தத் தேதியில் வாங்கியது, அதற்காவது ஊரைக் கேட்டார்களா?" என்பதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

இந்த விலக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தூத்துக்குடி காட்டிவிட்டது. அங்கே தாமிர ஆலையின் இரண்டாவது பிரிவுக்கு, சிப்காட்டுக்குள் வருகிறது என்ற காரணத்தில் கருத்துக்கேட்பு நடக்கவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்து பேச வேண்டியதை மக்கள் தெருவில் இறங்கிப் பேசினார்கள். போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனார்கள், துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிர் போயிற்று. அதற்கு மறுநாள், மே 23 அன்று, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கப் பணிகளுக்குத் தடை விதித்தது. கருத்துக்கேட்பு நடத்தாமல் அனுமதி பற்றி முடிவெடுக்கக் கூடாது என்றது. ஒருநாள் முன்னே பின்னே. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஆலையின் கதையில் வேறு பல காரணங்களும் உண்டு, கருத்துக்கேட்பு நடந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊரைக் கேட்காமல் விடுவதை வெறும் நடைமுறைக் குறைபாடு என்று யாராவது சொன்னால் எனக்கு தூத்துக்குடிதான் நினைவுக்கு வரும்.

விலக்குகள் கூடிக்கொண்டும் போகின்றன. 2020 ஜனவரி 16 அன்று எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கும் ஆய்வுப் பணிகளுக்குக் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று ஆக்கினார்கள். டெல்டாவில் கொதிப்பு ஏறியது, அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் வெட்டக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணலிலிருந்து அணுக் கனிமம் எடுக்கிற திட்டம் இருக்கிறது, அங்கே கடற்கரைக் கிராமங்கள் இதை எவ்வளவு கவலையோடு பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2020-இல் இந்த அறிவிக்கை முழுவதையுமே மாற்ற ஒரு வரைவு வந்தது நினைவிருக்கும். கருத்துக்கேட்புக்குத் தருகிற 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தார்கள். வரைவையே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் போட்டார்கள், ஊரடங்கு வேறு. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று ஜூன் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்துச் சொல்லும் கெடு ஆகஸ்ட் 11 வரை நீண்டது. லட்சக்கணக்கான கடிதங்கள் போயின. தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் அனுப்பினார்கள். அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை.

கே: நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். ஊரில் வீடும் நிலமும் இருக்கிறது. நேரில் வர முடியாது. கருத்துச் சொல்லலாமா?
— திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்

ப: தாராளமாக. நேரடிக் கூட்டம் உள்ளூர்க்காரர்களுக்காக, மற்ற அக்கறை உள்ளவர்கள் எழுத்தில் அனுப்பலாம் என்று இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். விளம்பரத்திலேயே முகவரி இருக்கும். மின்னஞ்சல் அனுப்பினாலும் ஊரிலிருக்கும் ஒருவர் மூலமாக ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு நகல் போடச் சொல்லுங்கள், ரசீது கையில் இருக்கட்டும். அப்புறம், கூட்டத் தேதி தள்ளிப்போகிறதா என்றும் விசாரித்துக்கொண்டே இருங்கள். உங்கள் மாவட்டத்தில் காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் வைத்த கூட்டமும் தள்ளிப்போயிற்று, 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போயிற்று.

கே: கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஜூலை பிறந்தாலே கரண்ட் பில் ஏறிவிடுகிறது. யாரும் எங்களைக் கேட்பதே இல்லையே! ஆலைக்குக் கூட்டம் போடுகிறார்கள், கரண்டுக்குப் போட மாட்டார்களா?
— பட்டறை உரிமையாளர்

ப: போடுவார்கள், போட்டார்கள். உங்கள் கோவையிலேயே 2022 ஆகஸ்டில் நடந்தது. மதுரையிலும் சென்னையிலும் நடந்தது. எட்டு வருஷம் கழித்துக் கட்டணத்தை மாற்றக் கேட்டு மின்வாரியம் கொடுத்த மனு அது. கட்டணம் வைப்பது மின்வாரியமோ மந்திரியோ அல்ல, 1999-இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003-ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மனுவைச் சுருக்கி வெளியிட வேண்டும், மக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகு 120 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும்.

அந்த உத்தரவு 2022 செப்டம்பர் 9 அன்று வந்தது. அன்றைக்கு எல்லாரும் யூனிட்டுக்கு எவ்வளவு ஏறியது என்றுதான் பார்த்தோம். ஆனால் அதற்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டை வைத்து, அதிகபட்சம் 6 சதவீதம் வரை, கட்டணம் தானாக ஏறும். நீங்கள் ஜூலை ஜூலைக்குப் பார்ப்பது அதுதான். 2023-இல் 2.18 சதவீதம், 2024-இல் 4.83, 2025-இல் 3.16. இதற்காகப் புதிதாக உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதை 2022-லேயே கேட்டுவிட்டோம் என்பது அவர்கள் கணக்கு. வீடுகளுக்கு ஏறாமல் சில வருஷம் அரசு மானியம் கொடுத்துத் தாங்கிக்கொண்டது.

சரி, இனி என்ன செய்யலாம்? அந்தக் காலகட்டம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த காலத்துக்கு மனு வந்தாக வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மனு வந்ததும் உங்கள் சங்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து, பன்னிரண்டு மாத பில்லை மேசையில் பரப்புங்கள். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்ற மாதத்தில் எத்தனை யூனிட் ஓடியது, நிலைக்கட்டணம் (மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது) எவ்வளவு கட்டினீர்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2023 செப்டம்பரில் சிறுதொழில் சங்கங்கள் ஒருநாள் கதவை அடைத்ததே இந்த நிலைக்கட்டணத்துக்காகத்தான். "கஷ்டமாக இருக்கிறது, ஏற்றாதீர்கள்" என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை, ஆனால் அதை வைத்து ஆணையம் ஒன்றும் செய்யவும் முடியாது. நிலைக்கட்டணத்தை ஒப்புக்கொண்ட மின்சுமைக்கு வாங்காமல் உண்மையில் பயன்பட்ட சுமைக்கு வாங்குங்கள் என்று, பில்லோடு கேட்டால், அதற்கு மின்வாரியம் பதில் எழுத வேண்டும், ஆணையம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். 2022 உத்தரவைத் திறந்து பாருங்கள், யார் என்ன ஆட்சேபித்தார்கள், அதற்கு என்ன பதில், ஆணையம் என்ன நினைக்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கும். மின்சாரம் வெளியிலிருந்து என்ன விலைக்கு வாங்கினார்கள், வழியில் எவ்வளவு இழப்பு, அரசு அறிவித்த மானியத்தை முன்கூட்டியே கட்டியதா (65-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது), இவற்றையும் கேளுங்கள். மனுவில் காட்டுகிற வரவு செலவு இடைவெளியை உங்கள் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பலன் இருக்குமா என்று கேட்பீர்கள். அதே 2022 உத்தரவில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்கு, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். நாலு வீடு, ஆறு வீடு இருக்கிற சின்னக் குடியிருப்புக்காரர்கள் விடாமல் எழுதினார்கள், எங்களிடம் லிஃப்ட்கூட இல்லையே, ஒரு மோட்டாருக்கு இவ்வளவா என்று. 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு ஜூலை ஏற்றத்துக்குப் பிறகு இருந்த 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. ஆணையத்தின் உத்தரவே தவறு என்று பட்டால் 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தனி ஆளாகப் போவது செலவு, சங்கமாகப் போங்கள்.

கே: அனுமதி கொடுத்தாகிவிட்டது. வேலையும் தொடங்கிவிட்டார்கள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லையா?
— புதுக்கோட்டை மாவட்டம்

ப: முதலில் தேதியைப் பாருங்கள். அனுமதி கொடுத்ததை இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும், பஞ்சாயத்துக்கும் நகல் போக வேண்டும். அது தெரியவந்த 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை பொறுப்பார்கள், அதற்குமேல் ஒருநாள்கூட இல்லை. எத்தனையோ நல்ல வழக்குகள் இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் உள்ளேயே போக முடியாமல் நின்றிருக்கின்றன. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான், வக்கீல் இல்லாமல் நீங்களே நின்றும் வாதாடலாம்.

கெடு தாண்டிவிட்டதா? அனுமதிக் கடிதத்தை வாங்குங்கள். அதில் நிபந்தனைகள் வரிசையாக எண் போட்டு இருக்கும். தண்ணீர் எவ்வளவு எடுக்கலாம், லாரி எந்த வழியில் போகலாம், சுற்றிலும் எவ்வளவு இடத்தில் மரம் வைக்க வேண்டும் என்று. அவற்றை எப்படி நிறைவேற்றுகிறோம் என்று கம்பெனி வருஷத்துக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 அன்று, அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடுங்கள், இல்லையென்றால் தகவல் உரிமையில் கேளுங்கள். அறிக்கையில் "மரம் நடப்பட்டது" என்று எழுதியிருக்கும் இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுத்து, தேதி போட்டு, நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். எத்தனை மரம் உண்மையில் நிற்கிறது என்று எண்ணி எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.